ஊற்றினால் ஓடாது

எங்கள் கம்பெனியின் பழைய இசுசு லாரி இருபது வயதை முடித்துக்கொண்டு உடைப்புக்குப் போய்விட்டது. சிங்கப்பூரில் சரக்கு வாகனத்துக்கு அதற்கு மேல் ஆயுள் இல்லை. அதில் எனக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது. நானும் ஓய்வு பெறுகிறேன். ஆனால் லாரி கிளம்பும்போது இளைஞர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே, “வடை சுட்ட எண்ணெயை ஊற்றினால் போதும், இந்த லாரி ஓடும்” என்று சொன்னார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஊற்றினால் ஓடாது.

பழைய சமையல் எண்ணெயை எரிபொருளாக்கும் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக் கதையைச் சொல்வார்கள். அங்கே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. அது உணவகத்துச் சட்டியிலிருந்து வந்த எண்ணெய் அல்ல என்பதை யாரும் சொல்வதில்லை. 40 பாகை செல்சியசில் சமையல் எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப்போல் சுமார் பத்து மடங்கு. அப்படியே விட்டால் நாசில் அதைப் புகையாகத் தூவாது, சொட்டாகத்தான் துப்பும். நாசில் முனையில் கரி கட்டும், ரிங் ஒட்டிக்கொள்ளும், சம்ப் ஆயில் தாராகத் திரியும். வெளிநாடுகளில் இரண்டு டாங்கு வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. டீசலில் கிளப்பி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வருவார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடுகிற வண்டிக்கு அது சரி. பஃபலோ ரோட்டில் நின்று, கேம்பல் லேனில் நின்று, டன்லப் ஸ்ட்ரீட்டில் நின்று போகிற எண்ணெய் லாரியின் எஞ்சின் எப்போது சூடேறும்?

அதனால்தான் நாங்கள் பயோடீசல் காய்ச்சினோம். மெத்தனால் சேர்ப்பது, காரம் அளப்பது, கிளிசரினை இறக்குவது, கழுவுவது எல்லாம் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பழைய லாரியின் இன்லைன் பம்பு பொறுமைசாலி. ரோட்டரி பம்பைப்போல் சின்னக் குறைக்கெல்லாம் முறைத்துக்கொள்ளாது. ரப்பர் ஹோஸை மட்டும் வைட்டானுக்கு மாற்றிவிட வேண்டும். முதல் சில டாங்குகளுக்கு ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும், பழைய அழுக்கையெல்லாம் பயோடீசல் பெயர்த்துக்கொண்டு வரும். பாமாயிலில் காய்ச்சியது 15 பாகையை ஒட்டிக் கலங்க ஆரம்பிக்கும். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை என்பது எங்களுக்குக் கிடைத்த வரம். இவை எதுவும் கஷ்டமில்லை. கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர்.

தண்ணீரைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் எஞ்சின் அறை வேலை பார்த்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்த ஒரு பெரியவர். மாமா என்றுதான் கூப்பிடுவோம். கப்பலில் எரிக்கும் கறுப்பு எண்ணெயைச் சூடாக்கி, செட்டிலிங் டாங்கில் தேக்கி, ஒவ்வொரு நாலு மணி நேர வாட்சிலும் அடிக்குழாயைத் திறந்து தண்ணீர் வடிப்பார்கள். அந்தப் பழக்கத்தை அவர் துவாஸில் எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். எங்களுக்கு எப்போதும் அவசரம். அவர் வாயில் ஒரே சொல்: “இறங்கட்டும்டா.”

அடி கூம்பாக இருக்கும் டாங்கில் எண்ணெயை 60 பாகைக்குச் சூடாக்குவார். உடனே ஹீட்டரை அணைத்துவிடுவார். சூடு ஏறிக்கொண்டே இருந்தால் எண்ணெய் உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும் எண்ணெயில் தண்ணீர் கீழே இறங்காது. அணைத்துவிட்டு மறுநாள் வரை தொடக் கூடாது. இது எளிதாகத் தெரியும். அந்த ஒரு நாள் பொறுத்திருக்கிறவர்களை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் அடிவால்வைத் திறந்தால் முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வரும். அது நின்றதும் புதிதாக வருகிறவர்கள் வால்வை மூடிவிடுவார்கள். மாமா மூட மாட்டார். தண்ணீருக்குப் பின்னால் கெட்டித் தயிர்போல ஒன்று வரும். மாவு, உப்பு, மஞ்சள், சோப்பு எல்லாம் தண்ணீரோடும் எண்ணெயோடும் பின்னிக் கிடக்கும் கலவை அது. ஆளை ஏமாற்றுவது அதுதான். அது முழுக்க வடிந்து, தேன் நிறத்தில் எண்ணெய் தெளிவாக வரும்வரை வால்வு திறந்தே இருக்கும். நல்ல எண்ணெயும் கொஞ்சம் போகும். முதலாளி முகம் சுளிப்பார். மாமா பார்க்காததுபோல் நிற்பார்.

பிறகு வாணலி. மெத்தனால் இருக்கும் கொட்டகையில் அடுப்பு கூடாது என்பதால் வாசலோரத்து அறையில் ஒரு மின்னடுப்பு, ஒரு சின்ன இரும்பு வாணலி. நன்றாகக் காய்ந்த வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயை விட்டுக் காதைக் கொடுக்க வேண்டும். சடசடவென்று வெடித்தால் டாங்குக்கே திரும்பிப் போகும். ஓசையில்லாமல் லேசாகப் புகைந்தால் மட்டுமே காய்ச்சலாம். தண்ணீர் இருக்கும் எண்ணெயில் காரத்தைப் போட்டால் எரிபொருள் வராது, சோப்புதான் வரும். காய்ச்சி முடித்த பயோடீசலில் ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராம் தண்ணீருக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பியத் தரம் ஈஎன் 14214. மீறினால் பம்பின் பிளஞ்சரில் துரு ஏறும், டாங்கில் பூஞ்சை பிடிக்கும். பிளஞ்சரின் இடைவெளி எவ்வளவு குறுகியது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தேக்கா உணவகங்களின் பின்சந்துகளிலிருந்து. சமையற்கட்டுக்குப் பின்னால் 17 கிலோ தகர டின்களும் பிளாஸ்டிக் கேன்களும் மூடியில்லாமல் நிற்கும். வருடம் முழுக்க மழை பெய்யும் ஊர் இது. தரை கழுவிய நீரையும் சிலர் அதிலேயே ஊற்றுவார்கள். டின்னைத் தூக்கும்போதே கைக்குத் தெரியும். தண்ணீர் நிறைந்த டின்னின் கனமும் ஆட்டமும் வேறு. அப்பளம் அதிகம் பொரிக்கிற கடையின் எண்ணெயில் உப்பும் அப்பளக்காரமும் இறங்கியிருக்கும். மீன் வறுவல் எண்ணெய் மசாலாவால் சிவந்திருக்கும். அந்த மசாலா அடியில் படிந்துவிடும், பயமில்லை. தீபாவளி முடிந்ததும் பலகாரக் கடைகளிலிருந்து வனஸ்பதி கலந்து உறைந்த டின்கள் வரும்; சூடாக்கினால் வழிக்கு வரும். கிரீஸ் டிராப்பில் அள்ளியதை மட்டும் மாமா வாசலிலேயே திருப்பி அனுப்புவார். புளித்த வாடையை மூடியைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார். எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது.

இப்போது யாரும் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. பழைய எண்ணெய்க்கு விலை வந்துவிட்டது. துவாஸில் 2010-இல் பழைய எண்ணெயையும் எரிபொருளாக்கும் நெஸ்டே ஆலை வந்தது. 2023-இல் விரிவாக்கம் முடிந்து ஆண்டுக்கு 26 லட்சம் டன் தயாரிக்கும் திறனைப் பெற்றது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானங்களின் எரிபொருளில் 2026 முதல் 1 விழுக்காடு நீடித்த எரிபொருளாக இருக்க வேண்டும் என்ற இலக்கை அரசாங்கம் 2024-இல் அறிவித்தது. நல்ல காரியம்தான். பெரிய ஆலைக்குத் தண்ணீரையும் கசடையும் பிரிக்கத் தனிப் பகுதியே உண்டு. ஆனால் அதைக் காரணம் காட்டி, எண்ணெய் சேகரிக்கிறவர்களும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். எடை போட்டு விற்கிறவருக்குத் தண்ணீரும் காசு. எங்களிடம் வாங்க வந்த ஒருவர், வடித்துத் தெளிந்த எண்ணெய்க்கும் வடிக்காததற்கும் ஒரே விலை சொன்னார். அப்படியானால் வடிப்பவன் முட்டாளா? ஈரப்பத மீட்டரைக் காட்டி, “அண்ணே, இதிலேயே தெரியுமே” என்கிறார்கள் தம்பிகள். மீட்டர் நல்லதுதான், நானும் வைத்திருந்தேன். டின்னின் மேற்பரப்பில் அமிழ்த்திய மீட்டருக்கு அடியில் நிற்கும் தண்ணீர் எப்படித் தெரியும்?

எங்கள் பழைய லாரியைப் பழையது என்று ஏளனமாகப் பேச வேண்டாம். 2006-இல் வந்த யூரோ 4 விதிக்கு முந்தைய எஞ்சின் அது. புகைச் சோதனைக்குப் போகும்போதெல்லாம் தலைநிமிர்ந்து போனது. அந்தப் பெருமை லாரிக்கும் எண்ணெய்க்கும் மட்டும் உரியதல்ல, வால்வருகே பொறுமையாக நின்றவர்களுக்கும் உரியது.

உணவகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணெய் டின்னுக்கு மூடி போட்டுக் கூரைக்கடியில் வையுங்கள், கழுவிய நீரை அதில் ஊற்றாதீர்கள். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு: அடிவால்வைத் திறந்து பார்க்காமல் எந்த எண்ணெயையும் நம்பாதீர்கள். அவசரப்படாதீர்கள். இறங்கட்டும்.