நாலு கோடியும் ஒரு இடமும்

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். அப்பா நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேச்சு வழக்கம்போல சென்னை சூப்பர் கிங்ஸ்தான்.

"12 கோடி வாங்கின தோனி, 2025-ல 4 கோடிக்கு ஆடினார். டீமுக்கு எவ்வளவு மிச்சம்!"

அப்பா சுரங்கத்தில் ராட்சத இயந்திரம் ஓட்டுபவர். ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி. இன்னும் அந்த சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கணக்கு சரிதான். ஐந்து வருடமாக இந்தியாவுக்கு ஆடாதவர் என்ற விதிப்படி தோனிக்கு 4 கோடி. ருதுராஜ், ஜடேஜாவுக்குத் தலா 18 கோடி. மொத்தம் 120 கோடியில், ஐந்து பேரைத் தக்கவைத்த பிறகும் ஏலத்துக்கு 55 கோடி மிஞ்சியது. ஆனாலும் அந்த சீசனில் சென்னைக்குக் கடைசி இடம்.

"சம்பளத்தைக் குறைச்சுக்கலாம்ப்பா. பதினோரு பேர்ல ஒரு இடத்தை எப்படிக் குறைக்கிறது? அங்க ஒரு சின்னப் பையன் ஆடிக் கத்துக்கிட்டிருப்பானே?" என்றான் மகன்.

"ருதுராஜுக்கு அடிபட்டப்போ கேப்டனா நின்னது யாருடா?"

"அவர்தான். அனுபவம் பக்கத்துல இருக்கணும்ப்பா. எப்பவும் அதுவே ஆடணுமா?"

அப்பா பேசவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர், நின்று திரும்பினார்.

"இன்னிக்கு அந்தப் புதுப் பையனை ஓட்டச் சொல்றேன். நான் பக்கத்துல இருந்துக்கறேன்."