வயிற்றெரிச்சலும் வைத்தியரும்

வெறும் வயிற்றில் எரியும், உண்டபின் சற்றே அடங்கும், நள்ளிரவில் தட்டி எழுப்பும் வலியொன்றை இரண்டாண்டுக் காலம் நாம் சுமந்து திரிந்தோம். காலைப் பூசையில் பீடத்தைப் பற்றிக்கொண்டு நின்ற நாள்களும் உண்டு.

“மரச்சீனிய விடணும் சாமி, எல்லாம் அதனாலதான்” என்றார் உபதேசியார். விட்டோம். மீன்கறியையும் விட்டோம். எரிச்சல்தான் எம்மை விடவில்லை.

உணவின்மேல் பழி போடுவது நம் நாட்டில் புதிதன்று. 1922, 1924 எவரெஸ்டுப் பயணங்களில் பங்கேற்ற ஆங்கில அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு பணியாற்றினார். அன்றைய தென் திருவிதாங்கூரில் குடற்புண் மலிந்திருந்தது. அவரது கத்தி அதிலே பேர்பெற்றது. 1982இல்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்துக் காட்டினர். பலரும் நம்பாமையால் மார்ஷல் 1984இல் அக்கிருமி நீரைத் தாமே பருகி நோயுற்றார். (எமக்கோ கஷாயம் குடிக்கவே மனம் வராது!) 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நாம் முதலில் கண்ட மருத்துவர், “டென்ஷன், ஃபாதர்” என்று அமிலம் அடக்கும் மாத்திரை தந்தார். விழுங்கும்வரை சுகம், நிறுத்தினால் பழைய கதை. இரண்டாமவர் கிருமியை ஊகித்து ஆண்டிபயாட்டிக் எழுதினார். வாயெல்லாம் கசந்தமையால் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டோம். அது எமது பிழை.

பின்னர் ஒருநாள் மலம் தாரெனக் கறுத்தது. இக்கிருமி புற்றுநோய்க்கும் காரணமாகலாம் என 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகம் அறிவித்ததைப் படித்திருந்த எமக்கு அன்றிரவு உறக்கமில்லை.

மறுநாளே குடல்நோய் நிபுணர் ஒருவரிடம் சென்றோம். மூட்டுவலி மாத்திரை தின்பதுண்டா? எடை குறைந்ததா? முன்பு எந்த ஆண்டிபயாட்டிக், எத்தனை நாள்? முந்திய இருவரும் கேளாத கேள்விகள் இவை. எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் முகப்பில் புண் தெரிந்தது. எடுத்த சதைத் துணுக்கில் கிருமியும் இருந்தது. “பாதியில விட்ட மருந்து இனி கேட்காது, ஃபாதர். வேற தாறேன். பதினாலு நாள், ஒரு வேளைகூட தவறக்கூடாது” என்றார். மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனைக்கு வரவேண்டும். அதற்கு இரு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்தவேண்டும் என்றும் எழுதித் தந்தார். கிருமி போயிற்றா என்று பார்க்காமல் எம்மை விடமாட்டார் என்றறிந்தபோதே, தேடிய மருத்துவர் இவரே எனத் தெளிந்தோம்.

குறித்த நாளில் பையில் ஊதினோம். கிருமி இல்லை.

அன்று மாலை உபதேசியார் வீட்டிலிருந்து அவித்த மரச்சீனியும் மீன்கறியும் வந்தன. அனுப்பியவர் அவர் மனைவி. தூக்கிவந்த உபதேசியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை.