மை பாட்டி ஆர் கமிங்

"இங்கிலீஷ் கிராமரை ஒரு கைத்தொழில் மாதிரி சொல்லித்தராங்க. ஒரு தடவ வந்து பாருங்க" என்று நண்பர் கூப்பிட்டார். அவர் மகள் அந்த டீச்சரிடம்தான் டியூஷன் படிக்கிறாள்.

லஸ் முனையிலிருந்து நடந்தோம். வழியில் ரானடே நூலகம், அதில் சீனிவாச சாஸ்திரி ஹால். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர் சாஸ்திரி. அன்றைக்குப் பள்ளிகளை ஆண்டுகொண்டிருந்த நெஸ்ஃபீல்டின் இலக்கணப் புத்தகத்திலேயே பிழை எடுத்துக்காட்டியவர் என்பார்கள். அவர் மேடையில் பேசிய ஆங்கிலத்தை ஊர் இன்னும் மெச்சுகிறது. வகுப்பறையில் நின்ற வருஷங்களை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை.

வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் டீச்சர் வீடு. கூடத்தில் பாய் விரித்து, எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்புமாகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பூக்கடைக்காரர் பையனும் அபார்ட்மெண்ட் பெண்ணும் ஒரே பாயில். அன்றைய பாடம், எழுவாய்க்கு ஏற்ற வினையைப் போடுவது.

டீச்சரின் கருவி ஓர் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார். என் பக்கத்தில் இருந்த பெண்ணின் அட்டையில் ஓரத்து மஞ்சளும் பிள்ளையாரின் பாதித் தும்பிக்கையும் இன்னும் இருந்தன. 'தி பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ்' என்று போர்டில் எழுதி, கொஞ்சம் இடம் விட்டு 'ஹெவி' என்று முடித்தார். நடுவில் என்ன வரும்? "ஆர்" என்றது வகுப்பு. மாம்பழங்கள் வினைக்குப் பக்கத்திலேயே பன்மையில் நின்றால் காதுக்கு அதுதான் சரியாகப் படும்.

"அட்டைய வை."

நோட்டுகளில் 'ஆஃப் மேங்கோஸ்' மறைந்தது.

"எது கனக்குது?"

"கூடை மிஸ்."

"எத்தன கூடை?"

"ஒண்ணு. இஸ் மிஸ்!"

அடுத்து 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்'. அட்டை 'ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' மேல் உட்கார்ந்தது. 'ஒன்' மட்டும் மிஞ்சியது. அரை மணி நேரத்தில் பாதிப் பேருக்கு அட்டை தேவைப்படவில்லை, கண்ணாலேயே மறைத்துக்கொண்டார்கள்.

பெயருக்கு எஸ் வந்தால் வினைக்கு எஸ் கிடையாது என்று நோட்ஸ்களில் ஒரு குறுக்குவழி உலவுகிறது. அதைச் சொன்னாலே டீச்சருக்குக் கோபம் வருகிறது. "'பாய்ஸ் ப்ளே', 'பாய் ப்ளேஸ்' வரைக்கும் ஓடும் சார். 'சில்ட்ரன்'ல எஸ் எங்க இருக்கு? புள்ள 'சில்ட்ரன் ப்ளேஸ்'னு எழுதறான். மார்க் போறது அவனுக்கு." யார், எது என்று கேட்டு எழுவாயைக் கண்டுபிடிக்கத் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள். அதையே இங்கேயும் கேட்கச் சொல்கிறார். பிறகுதான் ஒன்றா, பலவா என்ற கேள்வி.

'நைதர், நார்' பகுதியை விட்டுவிடுகிறேன். 'டீம்', 'கமிட்டி' போன்ற சொற்களுக்குப் பிரிட்டிஷ்காரர்களே ஒருமையும் போடுகிறார்கள், பன்மையும் போடுகிறார்கள். எட்டாம் வகுப்புக்கு அந்தக் குழப்பம் வேண்டாம் என்பது டீச்சர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

டீச்சர் படித்தது மன்னார்குடிப் பக்கம், தமிழ் வழியில். கல்யாணமாகி மயிலாப்பூர் வந்த பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம், அப்புறம் பி.எட். ஒரு தனியார் பள்ளியில் வேலை. ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைவிடக் குறைவாக வாங்கி வந்த வருஷங்கள். கணவர் தவறிய பின் தி. நகரில் ஒரு கோச்சிங் சென்டர். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், டீச்சருக்கு மணிக்கு 150 ரூபாய். அவர் இரவில் உட்கார்ந்து எழுதிய பயிற்சித் தாள்களை சென்டர் தன் பெயரில் புத்தகமாகப் போட்டு அதே பிள்ளைகளுக்கு விற்றது. இந்த அட்டை முறைக்கும் அதில் ஒரு பக்கம் உண்டாம். டீச்சர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இதற்குத் திருட்டு என்றுதான் பெயர். நெல்லிலும் நெசவிலும் தரகர் லாபம் தின்றால் நமக்குக் கோபம் வருகிறது. பாடத்தில் தின்பவருக்கு மட்டும் கல்வியாளர் என்று மாலை போட்டு மேடையேற்றுகிறோம். ஏசி ஹாலுக்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கும் போகிறது பெற்றோர் கட்டும் பணம். சொல்லித்தரும் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஃபீஸ் கட்டும் கவுண்டரிலேயே கேளுங்கள். பதில் சொல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

வகுப்பு முடியும் நேரம். பூக்கடைக்காரர் பையன் 'மை பாட்டி ஆர் கமிங்' என்று எழுதியிருந்தான். பக்கத்துப் பையன் சிரித்தான். டீச்சர் அவனை அடக்கினார். "பாட்டி வராங்கன்னுதானே நம்ம வீட்ல சொல்றோம்? மரியாதைய இங்கிலீஷ்லயும் குடுத்துட்டான்." அவர் சொன்னது சரி. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே இடம் கொடுத்திருக்கிறது.

பையன் விடவில்லை. "அப்போ 'யூ' ஒருத்தர சொன்னாலும் 'ஆர்' வருதே மிஸ்?"

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. முன்பு ஆங்கிலத்தில் ஒருவரைச் சொல்ல 'தௌ', பலரைச் சொல்ல 'யூ' என்று இருந்ததையும், பெரிய மனிதர் ஒருவரையே மரியாதைக்காக 'யூ' என்று அழைக்கத் தொடங்கியதையும், போகப்போக 'தௌ' வழக்கொழிந்து 'யூ' எல்லாருக்கும் பொதுவாகிப் பன்மை வினை அதனுடனேயே தங்கிவிட்டதையும் விளக்கினார். "நீ பாட்டிக்குச் செஞ்சத அவங்க 'யூ'வுக்குச் செஞ்சாங்க. பாட்டிக்குச் செய்யல. அடிச்சிட்டு 'இஸ்' போடு."

போட்டான்.

"இப்போ 'மை பாட்டி அண்ட் தாத்தா'. என்ன வரும்?"

"ஆர்."

"மரியாதைக்கா?"

"இல்ல மிஸ். ரெண்டு பேரு."