முற்றத்துப் புல்லுக்கு எத்தனை கிலோ?

ஜூன் 3, திங்கள்

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தாச்சு. கிழக்கே வயலில் கன்னிப்பூ நெல் நடவு. நம் முற்றத்துப் புல்தான் மஞ்சளித்துக் கிடக்கிறது. உரம் போடணும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால், "ரெண்டு கை வீசுங்க." யார் கை, எத்தனை சென்டுக்கு?

ஜூன் 4, செவ்வாய்

டேப் பிடித்து அளந்தேன். பத்திரப்படி முற்றம் மூணு சென்ட், அதாவது 1,307 சதுர அடி. நடைபாதை 180 சதுர அடி போயிற்று. கிணறும் துணி துவைக்கிற கல்லும் 90. இரண்டு தென்னைக்கும் ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி. அங்கே புல் வைக்கவே இல்லை. அதில் 226. மிச்சம் 811 சதுர அடி, சுமார் 75 சதுர மீட்டர். 'மூணு சென்ட்' என்று கடையில் சொல்லியிருந்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டிக் கொடுத்திருப்பார்கள்.

ஜூன் 6, வியாழன்

மண் பரிசோதனைச் சீட்டு கையில் வந்தது. அமிலகார நிலை 5.6, புளிப்பு மண். மணிச்சத்து அதிகம். நமக்கு முன் இங்கே இருந்தவர் ரோஜாவுக்கு எலும்புத்தூளாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார், அதுதான். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் குறைவு.

புல்தரைக்கு ஒரு தவணைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து என்பது பொதுக் கணக்கு. 75-க்கு 375 கிராம். இது சத்தின் எடை, உரத்தின் எடை அல்ல. மூட்டையில் போட்டிருக்கும் எண் நூற்றுக்கு எத்தனை பங்கு சத்து என்று சொல்வது. யூரியாவில் 46. 375-ஐ 0.46-ஆல் வகுத்தால் 815 கிராம். 17:17:17 கலப்பு உரம் என்றால் 2.2 கிலோ, ஃபாக்டம்பாஸ் என்றால் 1.9 கிலோ வேண்டும். இரண்டிலும் வேண்டாத மணிச்சத்து கூடவே வரும். ஆகவே யூரியா. சாம்பல் சத்துக்குத் தழைச்சத்தில் பாதி. 60 பங்குள்ள பொட்டாஷில் 310 கிராம் போதும்.

ஃபாக்டம்பாஸை விட மனசில்லை. 1943-இல் திருவிதாங்கூரில் தொடங்கி, 1947-இல் விறகை மூலப்பொருளாக வைத்து உரம் செய்யத் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. நம் குமரிப் பகுதியும் 1949 வரை திருவிதாங்கூர்தானே. ஆனால் பாசத்துக்காக உரம் போட முடியாது.

ஜூன் 7, வெள்ளி

உரக்கடை. ஆதாரும் கைரேகையும் வேண்டும், 45 கிலோ மூட்டையாகத்தான் எடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். வருஷத்துக்கு மூன்று தவணை போட்டாலும் நமக்கு இரண்டரை கிலோதான் செலவு. மூட்டை பதினெட்டு வருஷம் வரும். நம்மூர் ஈரக்காற்றில் யூரியா ஒரு மழைக்காலம் தாண்டினாலே கட்டியாகிவிடும். பொட்டாஷ் மட்டும் சில்லறையில் கிடைத்தது.

ஜூன் 9, ஞாயிறு

வயல்கார அண்ணாச்சியிடம் ஒரு கிலோ யூரியா கேட்டேன். "புல்லுக்கா? மாடு உண்டுமா?" என்றார். இல்லை, பார்க்கத்தான் என்றேன். சிரித்தார். தராசில் நிறுத்தே கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அவரோடு பேசியதில் ஒரு கணக்கு உறைத்தது. மத்திய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. சதுர மீட்டருக்கு 15 கிராம். நான் மூன்று தவணையில் புல்லுக்குப் போடவிருப்பதும் அதே 15. நெல் அதற்கு அரிசியும் வைக்கோலும் தருகிறது. புல் வெட்டுக்கூலி கேட்கிறது. தென்னைக்கோ மரத்துக்கு வருஷம் 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். ஆனி–ஆடியில் பாதி, மார்கழி–தையில் பாதி. அது தேங்காய் போடுகிற மரம், கேட்க உரிமை உண்டு.

"மழை கொட்டுகதுக்கு முன்ன போடாதீங்க, கிணத்துக்குள்ள போயிரும், பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி. நியாயம். குடிக்கிற தண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். நம் கிணறு புல்லிலிருந்து நாலடி.

ஜூன் 12, புதன்

சாரல் விட்டிருந்தது. இலையில் ஈரம் காய்ந்த பிறகு, யூரியாவையும் பொட்டாஷையும் நாலு கிலோ ஆற்றுமணலோடு கலந்து இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி கிழமேலாக நடந்து, மறு பாதி தென்வடலாக நடந்து வீசினேன். மணல் இல்லாமல் தனியாக வீசினால் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி கூட வராது. விழுந்த இடத்தில் கருகும், விழாத இடம் மஞ்சளாகவே நிற்கும். கிணற்றைச் சுற்றி ஐந்தடி விட்டுவிட்டேன். உடனே ஓசில் தண்ணீர் அடித்து வேரில் இறக்கினேன். ஆரல்வாய்மொழிக் காற்று கொஞ்சம் மணலை நடைபாதைக்குக் கொண்டுபோனது. கூட்டி உள்ளே தள்ளியாயிற்று.

ஜூன் 24, திங்கள்

பச்சை பிடித்துவிட்டது. கிணற்றோரத்துப் பட்டை மட்டும் மஞ்சளாக நிற்கிறது, இருக்கட்டும். வெட்டிய புல்லை இனிமேல் வாரவில்லை, அங்கேயே விடுகிறேன். தழைச்சத்தில் கால்பங்காவது அதில் திரும்பும் என்கிறார்கள். அப்படியானால் மூன்று தவணை எதற்கு, இரண்டு போதும். அடுத்தது புரட்டாசி தொடக்கத்தில், துலாமழை இறங்குவதற்குள். அதற்குள் டோலமைட் வாங்கிப் புளிப்பைக் குறைக்க வேண்டும்.