பனி பெய்யாத ஊரில் ஒரு ஹீட்டர்

பழைய கார் வாங்கினால் அதன் முந்தைய வாழ்க்கையும் கூடவே வரும். நான் வாங்கிய காரோடு வந்தது ஈரம். முன்பக்கம் இடது இருக்கையில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் காயவே இல்லை. கதவைத் திறந்து வெயிலில் போட்டால் மேலே உலரும். அடியிலிருக்கும் ஃபோம் மறுபடி ஊறிவிடும். சென்னையில் யாரைக் கேட்டாலும் இதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும்.

என் காரில் கணக்கு ஒத்துவரவில்லை. ஏசி போடாமல் ஓட்டிய நாளிலும் ஈரம் கூடியது. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் இறங்கிக்கொண்டே போனது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒரு படலம் படிந்தது. துணியால் துடைத்தால் அது தீற்றிக்கொண்டதே தவிர போகவில்லை. கூடவே ஒரு தித்திப்பு வாடை.

மெக்கானிக் பாய் கார்பெட்டில் ஒரு டிஷ்யூவை அழுத்தி எடுத்து, விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். "ஏசி தண்ணின்னா வெறும் தண்ணி சார், கையில ஒட்டாது. இது வழவழன்னு இருக்கு பாருங்க. ஹீட்டர் கோர் போயிருச்சு."

"நான் ஹீட்டரே போட்டதில்லையே, பாய்?"

"நீங்க போட்டாலும் போடாட்டாலும் சுடுதண்ணி உள்ளே சுத்திக்கிட்டேதான் சார் இருக்கும்."

அந்தப் பதிலிலிருந்து எனக்கு இரண்டு தேடல்கள் கிளைத்தன. கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது ஒன்று. போர்வைகூடத் தேவைப்படாத ஊரில் என் டேஷ்போர்டுக்குள் சுடுதண்ணீர் ஏன் சுற்றுகிறது என்பது மற்றொன்று.

முதல் தேடலுக்குக் கருவி இருந்தது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருந்த 1.1 பார் அழுத்தம் வரை ஏற்றினார் பாய். முள் மெல்ல இறங்கியது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் இணைப்புகள் எல்லாம் உலர்ந்தே இருந்தன. அடுத்து, இன்ஜினிலிருந்து ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களைக் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு மறுபடி அழுத்தம் ஏற்றினார். இப்போது முள் அசையவில்லை. கசிவு ஃபயர்வாலுக்கு உள்ளேதான்; கோரிலா, கோரைச் சேரும் குழாயின் ஓ-ரிங்கிலா என்பது மட்டும் டேஷ்போர்டை இறக்கினால்தான் தெரியும். உதிரிபாகம் வரும்வரை அந்தத் துண்டுக் குழாயோடே ஓட்டச் சொன்னார். ரேடியேட்டரில் கொட்டினால் ஓட்டையை அடைக்கும் என்று விற்கும் பொடியைப் பற்றிக் கேட்டேன். "அது ஓட்டைய மட்டும் தேடிப் போய் அடைக்காது சார். சின்ன சின்ன வழியெல்லாத்தையும் அடைச்சிரும்" என்றார்.

வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஹீட்டர் இல்லாத வண்டியை மழையில் ஓட்டியபோது இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. உள்ளே மூச்சுக்காற்றால் கண்ணாடி மங்கும். ஏசியைப் போட்டால் தெளியும். ஆனால் ஏசியின் குளிரில் கண்ணாடியே சில்லிட்டு, வெளிப்பக்கம் ஈரக்காற்று பட்டுப் பனித்துக்கொள்ளும். வேண்டியது ஈரம் நீங்கிய, அதே சமயம் சில்லென்று இல்லாத காற்று. அதைத் தருவது ஏசியும் ஹீட்டரும் சேர்ந்துதான். ஏசியின் கூலிங் காயில் காற்றைக் குளிரவைத்து ஈரத்தை வடித்துவிடும். அதன் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் தேவையான அளவுக்கு அதைச் சூடேற்றும். பல கார்களில் வெப்பநிலைத் திருகியைத் திருப்பும்போது நாம் நகர்த்துவது ஒரு தடுப்புப் பலகையைத்தான். காற்றில் எவ்வளவு ஹீட்டர் கோர் வழியே போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. சுடுதண்ணீரின் ஓட்டம் நிற்பதில்லை. கத்திரி வெயிலிலும் அது ஓடும்.

இப்படியோர் அமைப்பு எங்கே தொடங்கியது என்று தேடினால், முதலில் கிடைக்கும் பெயர் மார்கரெட் வில்காக்ஸ். 1893 நவம்பரில் இந்த அமெரிக்கப் பெண்மணி பெற்ற காப்புரிமையை, கார் ஹீட்டரின் பிறப்பு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தேதியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் டூரியா சகோதரர்களின் பெட்ரோல் வண்டி தெருவில் ஓடியதே அதே ஆண்டு செப்டம்பரில்தான். குளிரில் நடுங்கும் பயணிகள் அன்று இருந்தது ரயில் பெட்டிகளில்.

காருக்கான சூடு வேறு வழியில் வந்தது. தொடக்க காலக் கார்கள் திறந்தவை; கம்பளிக் கோட்டும் கால் போர்வையுமே ஹீட்டர். மூடிய கார்கள் பெருகியபோது புகைக்குழாயின் சூட்டை உள்ளே திருப்பினார்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் வரும் என்பதால் அது ஆபத்தான ஏற்பாடு. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரையே ஒரு குட்டி ரேடியேட்டர் வழியே உள்ளே சுற்றவிடும் முறை 1930 வாக்கில் நிலைபெற்றது.

அதற்குச் சற்று முன் அந்தத் தண்ணீரே மாறத் தொடங்கியிருந்தது. உறையாமலிருக்க அதில் கலந்துவந்த ஆல்கஹால், இன்ஜின் சூட்டில் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். 1927-இல் எத்திலீன் கிளைக்கால் பிரெஸ்டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1850களிலேயே தயாரித்துக் காட்டிய பொருள் அது; கொதிநிலை 197 டிகிரி. தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. என் கார்பெட்டில் தித்தித்தது அதுதான். அந்த வாடையைச் சோதிக்க நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது, அது விஷம்.

1938-இல் நாஷ் நிறுவனம், வெளிக்காற்றை இழுத்து அந்தச் சுடுநீரால் சூடேற்றி உள்ளே அனுப்பும் அமைப்பைக் கொண்டுவந்தது. ஏசி தனியே வளர்ந்தது: 1940 பேக்கார்டில் குளிரூட்டும் பகுதி பின்னிருக்கைக்கும் பின்னால் இருந்தது. இரண்டையும் வண்டியின் முன்பகுதியில் ஒரே அமைப்பாக இணைத்தது 1954-இல் வந்த நாஷ் அம்பாசிடர். நம்மூர் அம்பாசிடருக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் சென்னையில் ஏசி கேட்டு வாங்குபவருக்கு ஹீட்டரும் சேர்ந்தே வருவதன் வேர் இந்த இணைப்பில் இருக்கிறது.

அதன் விலை டேஷ்போர்டை இறக்கும் நாளில் தெரிந்தது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக்கின் மின்சாரம் அடங்கும்வரை காத்திருந்தார்கள். ஹீட்டர் கோரும் கூலிங் காயிலும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால், நன்றாக வேலைசெய்துகொண்டிருந்த ஏசியின் கேஸையும் மெஷினில் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டீயரிங் தண்டு இறங்கியது. குறுக்குக் கம்பியும் வயர் கட்டுகளும் வெளியே வந்தன. கடைசியில் கைக்கு வந்தது ஒரு நோட்டுப்புத்தக அளவு அலுமினியப் பொருள். ஓ-ரிங் நன்றாகத்தான் இருந்தது. ஒரு குழாயின் ஓரத்தில், கசிந்து காய்ந்த உப்புத்தடத்துக்கு நடுவே, ஊசிமுனைத் துளை. கோரை அறுத்துப் பார்த்தோம். உள்ளே செங்காவிச் சேறு. குழாய்ச் சுவர்களில் வெள்ளைப் படிவு.

அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னவர் முந்தைய உரிமையாளரின் டிரைவர். "வாரா வாரம் நான்தான் சார் தண்ணி பாத்து ஊத்துவேன். போர் தண்ணிதான். அம்பாசிடர்லயும் அப்படித்தான் ஓட்டினேன். மெட்ராஸ்ல என்ன, பனியா பெய்யுது?"

அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. அம்பாசிடரின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஒழுகினால் கடையில் கொடுத்து ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். அலுமினியம் அப்படியில்லை. மேலே படரும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குக் காப்பு. கடலோர ஊர்களின் போர் தண்ணீரில் இருக்கும் குளோரைடு, அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கூலன்ட்டில் கிளைக்காலோடு அரிப்பைத் தடுக்கும் மருந்துகளும் கலந்திருக்கின்றன. உறைதலைத் தடுப்பது அதன் ஒரு வேலை. அரிப்பைத் தடுப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு இங்கே இடமில்லை என்பதால் இரண்டாவதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டோம். வாரந்தோறும் ஊற்றிய தண்ணீர் அந்த மருந்தை நீர்க்கச் செய்தது; உப்பைச் சேர்த்தது. இன்ஜினின் இரும்பு துருவாகிக் குறுகலான குழாய்களில் வண்டலாய்த் தங்கியது.

புதிய கோரைப் பொருத்துமுன் தண்ணீர் தெளிவாக வரும்வரை முழு அமைப்பையும் அலசினார்கள். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி ஊற்றி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார்கள். கார்பெட்டை அப்படியே விட்டால் வாடை போகாது; அதையும் ஃபோமையும் எடுத்துத் தனியே அலச வேண்டியிருந்தது.

பழைய கார் பார்க்கப் போகும் நண்பர்களுக்கு இப்போது ஒன்று சொல்கிறேன். பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெறும் தண்ணீர் தெரிந்தால், டேஷ்போர்டு இறக்கும் கூலியையும் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.