மலிவு பேஸ் கிட்டாரில் எது குறை?

மலிவு விலையில் பேஸ் கிட்டார் வாங்கும் இளைஞர் பலர், அதில் நாலு பாட்டு வாசித்துப் பழகுவதற்கு முன்பே பிக்கப் மாற்றலாமா, பிரிட்ஜ் மாற்றலாமா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்குயர் அஃபினிட்டியோ, யமஹா டிஆர்பிஎக்ஸ் 174ஓ, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் வரிசையோ, எதை வாங்கினாலும் இதே கதைதான். விலை குறைவாக இருக்கிறது, ஆகவே உள்ளே போட்டிருக்கும் சாமான்களும் மட்டமாகத்தான் இருக்கும் என்ற கணக்கு இதற்குப் பின்னால் இருக்கிறது. என் கட்சி வேறு. இந்த விலையில் வரும் கிட்டார்களில் முதலில் குறைபடுவது கைவேலை. அந்தக் கைவேலையைச் செய்துமுடித்த பிறகுதான் எந்தப் பாகம் உண்மையில் மட்டம் என்பதே தெரியவரும். அதற்குமுன் பாகங்களை மாற்றுவது பெரும்பாலும் பணவிரயம்.

பேஸ் கிட்டார் அடிப்படையில் மிக எளிய கருவி. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் வானொலி பழுதுபார்த்துப் பிழைத்தவரான லியோ ஃபெண்டர், 1951இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அன்று அவர் வைத்த 34 அங்குலக் கம்பி நீளம்தான் இன்றும் பெரும்பாலான பேஸ்களின் அளவு. 1957இல் அந்தக் கருவிக்கு இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் வந்தது. காந்தம், அதைச் சுற்றிய செம்புக் கம்பி, ஒலியளவுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ், ஒரு சிறு கெப்பாசிட்டர்: மின்பகுதி இவ்வளவே. இன்று சீனாவிலோ இந்தோனேசியாவிலோ செய்யப்படும் மலிவான பிரிசிஷன் மாதிரியிலும் இதே பொருள்கள் இதே முறையில்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன. டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது ஒரு 1962 பிரிசிஷன். ஒரு பிக்கப், வளைத்த தகட்டில் செய்த சாதாரண பிரிட்ஜ், லா பெல்லாவின் தடித்த ஃபிளாட்வவுண்ட் (தட்டையான உறை சுற்றிய) கம்பிகள், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அந்தக் கம்பிகளையும் அறுந்தாலொழிய அவர் மாற்றமாட்டார் என்பது பிரசித்தம். இருபதாம் நூற்றாண்டின் ஜனரஞ்சக இசையில் பேஸ் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்தது அந்தக் கருவியும் அவருடைய ஒற்றை ஆள்காட்டி விரலும்தான்.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது? மரத்தின் தரத்தில் கொஞ்சம், இரும்புச் சாமான்களில் கொஞ்சம். உடலையும் நெக்கையும் வெட்டுவது இப்போது கணினி இயக்கும் எந்திரம். அது விலை பார்த்துக் கோணலாக வெட்டுவதில்லை. ஆனால் ஃபிரெட்டுகளின் முனையை ஒவ்வொன்றாக அரத்தால் உருட்டுவதும், எல்லா ஃபிரெட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதும், நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் கட்டையில், நான்கு பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பதும் மனிதக் கை நேரம் எடுத்துச் செய்யும் வேலைகள். தொழிற்சாலை சிக்கனம் பிடிக்கும் இடம் இதுதான். கம்பி ஃபிரெட்டில் படாமலிருக்கட்டும் என்று நட்டைக் கொஞ்சம் உயரமாகவே விட்டு அனுப்பிவிடுவார்கள். அதன் பலன் வாங்குகிறவர் தலையில் விடிகிறது. முதல் மூன்று ஃபிரெட்டுகளில் விரல் வலிக்கும்; அழுத்தும்போது கம்பி அளவுக்கு மீறி இழுபட்டுச் சுருதி கூடும். பிரிட்ஜில் எவ்வளவு திருகினாலும் அந்த இடத்துச் சுருதி சரியாகாது. புதிதாகப் பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். நல்ல விரல்கள் எத்தனையோ இதனால் கருவியை மூலையில் சாத்திவிட்டிருக்கும்.

ஆகவே முதல் செலவு செட்டப், அதாவது நெக்கையும் கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்யும் வேலை. சுருதி ஏற்றிய நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கின்றன. அந்த இழுப்பை எதிர்த்து நெக்குக்குள் நிற்பது ட்ரஸ் ராடு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றிலும் கோடையின் வறட்சியிலும் மரம் அசையும். கடையை விட்டு வந்தபோது நேராக இருந்த நெக் ஆறு மாதத்தில் வளைந்திருப்பது இயல்பு. கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே தடித்த அட்டை நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இடைவெளி இருந்தால் போதும். அதன்பிறகு கம்பியின் உயரம், அதன்பிறகு 12ஆம் ஃபிரெட்டில் சுருதி ஒத்துப்போகிறதா என்ற சோதனை. இந்த வரிசை மாறக்கூடாது. நெக்கைச் சரிசெய்யாமல் கம்பி உயரத்தைத் திருகுகிறவர் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டே இருப்பார். இரண்டாவது செலவு கம்பிகள். கிடங்கிலும் கடைச் சுவரிலும் மாதக்கணக்காகத் தொங்கிய கம்பியின் மந்தமான ஒலியைக் கேட்டுப் பிக்கப்பைக் குறைசொல்வது நியாயமில்லை. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்டிலிருந்து ஃபிளாட்வவுண்டுக்கு மாறினால் நாதம் மாறும் அளவுக்கு, பல பிக்கப் மாற்றங்களில்கூட மாறுவதில்லை.

பெரிய வாத்தியக்காரர்கள் தங்கள் கருவிகளை மாற்றவில்லையா என்று கேட்கலாம். மாற்றினார்கள். ஜாக்கோ பஸ்டோரியஸின் ஜாஸ் பேஸ் (இது ஃபெண்டரின் இன்னொரு மாதிரி) ஃபிரெட்டுகள் பிடுங்கப்பட்டு, படகுக்குப் பூசும் எப்பாக்ஸி பூசப்பட்டது. மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸில் கிட்டார் செய்யும் கைவினைஞர் ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் பொருத்திக் கொடுத்தார். ஆனால் ஜாக்கோவுக்கு வேண்டியிருந்தது ஃபிரெட் இல்லாத பேஸின் வழுக்கும் சுரம். ரவுண்ட்வவுண்ட் கம்பி மரத்தைத் தின்றுவிடாமலிருக்கவே எப்பாக்ஸி. என்ன வேண்டும் என்பது காதுக்குத் தெரிந்த பிறகு நடந்த மாற்றங்கள் இவை. மலிவு கருவியிலும் அப்படி ஒரு தேவை பெயர் சொல்லும்படி வந்துவிட்டால் தாராளமாக மாற்றலாம். இரைகிற பிக்கப்பும், கரகரக்கும் குமிழும், சுருதி நிற்காத முறுக்காணியும் கண்ணால் கண்ட குறைகள், மாற்றத்தான் வேண்டும். அதிலும் ஜாஸ் மாதிரியில் இரண்டு பிக்கப்பையும் ஒரே அளவில் திறந்து பாருங்கள். ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும்படிதான் அவை சுற்றப்பட்டிருக்கும். கனமான பிரிட்ஜ் போட்டால் நாதம் நீளும் என்ற பேச்சை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. ஜேமர்சனுக்கு வளைத்த தகடு போதுமானதாக இருந்தது.

இத்தனை பாடுபடுவதைவிட, பொறுத்திருந்து விலை உயர்ந்ததையே வாங்கிவிடலாமே என்பது இன்னொரு வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. திருகிக்கொண்ட நெக்கை எந்தச் செட்டப்பும் மீட்காது. நெக் மோசமென்றால் அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். வாங்கும்போது ஆம்பில் இணைப்பதற்கு முன், ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி வாசித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மற்றபடி விலையும் தரமும் ஒன்றாகவே ஏறும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்வதில்லை. ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஃபெண்டரின் மாதிரியை அதைவிடக் குறைந்த விலையில் அருமையாகச் செய்து விற்றதால், 1982இல் ஃபெண்டரே ஜப்பானில் கிட்டார் செய்ய ஏற்பாடு செய்தது. அங்கிருந்து ஸ்குயர் பெயரில் மலிவாக வந்த முதல் கருவிகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். மார்கஸ் மில்லரும் பிற்காலத்தில் சயர் என்ற மலிவு வரிசைக்குத் தன் பெயரைத் தந்திருக்கிறார்.

பணம் மிஞ்சினால் அது ஆம்புக்குப் போகட்டும். பேஸின் ஈ கம்பி நொடிக்கு 41 அதிர்வு. கைப்பேசியின் ஒலிபெருக்கியால் அதை எழுப்ப முடியாது. சிறிய கிட்டார் ஆம்பில் ஓங்கி வாசித்தால் அதன் ஸ்பீக்கர் திணறும். டிரான்சிஸ்டர் வானொலியில்கூட இளையராஜாவின் பேஸ் வரிகள் நமக்குக் கேட்டனவே என்றால், அங்கே வந்தவை மேல்சுரங்கள். அடிச்சுரத்தை நம் காது தானாக நிரப்பிக்கொண்டது. கேட்பவருக்கு அது போதும். வாசிப்பவர் தன் கை எழுப்பும் அடிச்சுரத்தை உள்ளபடி கேட்க வேண்டும். நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையிலிருக்கும் பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். செட்டப்புக்கும் புதுக் கம்பிக்கும் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் நெக் நன்றாக இருக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். பிக்கப்பை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.