தோன்றல், திரிதல், கெடுதல்

கடந்த வாரம் கல்முனையிலுள்ள ராத்தாவுடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படியோ பள்ளிக்கூடக் காலத்துத் தமிழ்ப் பாடத்துக்குத் திரும்பியது. "ஒரு 'க்' விட்டதுக்குத்தானே தம்பி அண்டைக்கு உனக்குக் கை வீங்கிச்சு?" என்று சிரித்தார்.

"மீனைக் கழுவினாள்" என்பதை "மீனை கழுவினாள்" என்று எழுதியிருந்தேன். இரண்டாம் வேற்றுமை உருபின்பின் வல்லினம் மிகும். அந்த விதியை வாத்தியார் பிரம்பால் சொன்னார். வீட்டில் வாப்பா அதனை வழிமொழிந்தார்.

ஆனால், நன்னூல் கூறும் மூவகை விகாரங்களும் எனக்கு உண்மையில் விளங்கியது உம்மாவின் அடுப்படியில்தான். 1990 ஜூனில் கிழக்கில் மீண்டும் போர் மூண்டது. ஊரடங்கு, சந்தை இல்லை. உம்மா புளியாணம் காய்ச்சினார். புளிக்குப் பதிலாக மாங்காய்: திரிதல். கடலுக்கு எவரும் போகாததால் மீன் இல்லை: கெடுதல். வேலியோரத்து முருங்கையிலை புதிதாகச் சேர்ந்தது: தோன்றல். புளியாணம் என்ற பெயர் மட்டும் இயல்பாகவே நின்றது. குறை சொல்லியே பழகிய வாப்பா, பேசாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

பின்னாளில் பத்திரிகையில் சிவப்புப் பேனாவைப் பிடித்தேன். அதற்குள்ளும் அந்தப் பிரம்பு இருந்ததை அப்போது அறியவில்லை. இளம் நிருபர் ஒருவரின் ஒற்றுப் பிழைகளை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்துக் காட்டினேன். அன்றைய இதழின் மிகச் சிறந்த செய்தியைக் கொண்டுவந்தவரும் அவரே. மறுநாள் அவர் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை.

"வாத்தியாரை மன்னிச்சிட்டியா தம்பி?" என்று கேட்டார் ராத்தா.

அதற்கு முன்னர் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்றேன்.